பிரிட்டனில் வாழும் நம் பிள்ளைகளும் உறைந்துபோகும் பாய்லர் குழாயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் மேற்படிப்புக்கும் வேலைக்குமாகப் பிரிட்டனுக்குப் புறப்படும் பிள்ளைகளை வழியனுப்ப, வேன் பிடித்து விமான நிலையம்வரை போய்வரும் குடும்பங்கள் எங்கள் சுங்கை சிப்புட்டிலும் இருக்கின்றன. பெட்டிக்குள் எதை வைப்பது என்பதில் நாம் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. மசாலைத்தூள், ஊறுகாய், நெத்திலி, கம்பளிச் சட்டை, சாமி படம் என்று எடைக்குமேல் அடைத்துக் கொடுத்து, விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து மறுபடியும் அடுக்குவதுவரை எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனால், அந்தப் பிள்ளைகள் குடியேறப்போகும் வாடகை வீட்டின் பின்சுவரில் பாய்லரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. கடுங்குளிர் இரவில் அந்தக் குழாய் உறைந்தால் வீட்டில் அறைகளைச் சூடாக்கும் கணப்பும் நிற்கும், பல வீடுகளில் வெந்நீரும் நிற்கும். குளிர்காலம் நெருங்கும் இவ்வேளையில் அதைப் பற்றி எழுதத் தங்கள் நாளிதழில் சற்று இடம் வேண்டுகிறேன்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த வட்டாரத் தோட்டமொன்றின் செம்பனை ஆலையில் 31 ஆண்டுகள் பாய்லர்மேனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பழத்திலிருந்து பிழிந்தெடுத்த நாரையும் ஓட்டையும் எரித்து நாங்கள் கிளப்பிய நீராவி, குலைகளை வேகவைக்கும் கலத்துக்கும் டர்பைனுக்கும் போகும். போகிற வழியில் குளிர்ந்து மறுபடியும் நீராவதை நாங்கள் கண்டென்சேட் என்போம். அந்த நீரை உடனுக்குடன் வடித்து வெளியேற்றாவிட்டால், அது நீராவிக் குழாய்க்குள்ளேயே ஓடி மோதிச் சம்மட்டியால் அடித்ததுபோல் இடிக்கும். அதனால் குழாய்க்கு வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு, சரியாக இருக்கிறதா, எங்கேயாவது தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்குக் கண்ணோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. குளிர் உறைதல் மட்டுமே எனக்குத் தெரியாத பாடம். நம் நாட்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1978ஆம் ஆண்டு கேமரன் மலையில் பதிவான 7.8 பாகைதான். தண்ணீர் கல்லாவதை ஐஸ் பெட்டிக்கு வெளியே நான் பார்த்ததில்லை.

என் மகள் ஷெஃபீல்டு நகரில் தாதியாக வேலை செய்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதம் ஒரு நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் திண்ணையில் மின்விசிறியடியில் சாய்ந்திருந்தபோது புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்தாள். அங்கே அப்போது காலை ஆறு மணி. வெளியே மைனஸ் 6 பாகை. இரவு வேலை முடித்து வந்தவள் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். பேசும்போது வாயிலிருந்து புகைபோல் மூச்சு வந்தது. “அப்பா, பாய்லர் செத்துப்போச்சு, போன வருசம் மாதிரியே” என்றாள். முந்தைய ஆண்டும் இப்படித்தான் நின்றது. பழுதுபார்க்க வந்தவர் மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். அதற்குள் வெயில் வந்து பனி இளகியிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் பாய்லர் எரிந்தது. “ஒன்றும் பழுதில்லை” என்று சொல்லி 90 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். ஏன் நின்றது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

கைப்பேசியைப் பாய்லரின் பக்கத்தில் வைத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொன்னேன். காற்றாடி சுழலும் ஓசை வந்தது. அடுத்து டிக் டிக்கென்று பொறி தட்டும் ஓசை. அதன்பின், பாட்டிலைக் கவிழ்த்தால் வருமே, அதைப் போன்ற களகளவென்ற ஓசை வந்து எல்லாம் அடங்கிவிட்டது. அந்தக் களகள ஓசைக்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. தண்ணீர் இருக்கக்கூடாத இடத்தில் தண்ணீர் நிற்கிறது. “அந்தப் பெட்டிக்குக் கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பைப்பு சுவரைத் தாண்டிப் போகும், அது எங்கே போய் முடியுதுன்னு பாரும்மா” என்றேன்.

அந்த நாட்டு வீடுகளில் சமையலறைச் சுவரில் அலமாரிபோல் மாட்டியிருக்கும் எரிவாயுப் பாய்லர், நம் ஆலைப் பாய்லர்போல் நீராவி கிளப்புவதில்லை. நீரைச் சூடாக்கி அறைகளில் சூடு பரப்பும் ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிடுவதும், குளிக்க வெந்நீர் தருவதும்தான் அதன் வேலை. அப்படியானால் கண்டென்சேட் எங்கிருந்து வந்தது என்று நானும் முதலில் குழம்பினேன். அது புகையிலிருந்து வருகிறது. இயற்கை எரிவாயு எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் அதிலிருந்து ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் பிறக்கும். பழைய பாய்லர்கள் அதைச் சூடாகவே புகைபோக்கி வழியே வெளியே விட்டன. இப்போதைய பாய்லர்கள், ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் குளிர்ந்த நீரைக்கொண்டு புகையை 55 பாகைக்கும் கீழே குளிரவைத்து, அந்த ஆவி நீராகும்போது விடும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. எரிபொருளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பயனாவது இதனால்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், புதிதாகப் பொருத்தும் எரிவாயுப் பாய்லர்கள் மிகச் சில விலக்குகள் தவிர இந்த வகையாகவே இருக்க வேண்டுமென விதி வந்தது. ஆகவே, நம் பிள்ளைகள் வாடகைக்குப் போகும் பெரும்பாலான வீடுகளில் இதுதான் இருக்கும்.

இப்படித் திரளும் நீர் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர்வரை வரும். அது நம் வீட்டு ரசத்தின் அளவுக்குப் புளிப்புள்ளது என்பதால் செம்புக்குழாயில் விடமுடியாது, அரித்துவிடும். பிளாஸ்டிக் குழாய்தான் போட வேண்டும். பிரச்சினை குழாயின் பொருளில் இல்லை, அது போகும் பாதையில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக்குழாயோடு சேர்த்துவிட்டால் உறைவதற்கு வாய்ப்பே மிகக் குறைவு. ஆனால், சுவரில் ஒரு துளை போட்டுப் பெருவிரல் தடிப்பில் ஒரு சிறு குழாயை வெளியே நீட்டிக் கால்வாய்க்குள் விட்டுவிடுவது பொருத்துபவருக்குச் சுலபம். அப்படி விட்ட குழாய்கள்தான் வீட்டுக்கு வீடு இன்றும் நிற்கின்றன.

உறைதல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தடுக்கும் வழியெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பெருக்கெடுத்து ஓடும் நீர் எளிதில் உறையாது. இந்தக் குழாயில் வருவதோ சொட்டுச் சொட்டான நீர். வெளிக்குளிரில் விறைத்துக் கிடக்கும் குழாயின் உட்சுவரைத் தொட்டதும் ஒரு சொட்டு அங்கேயே ஒட்டி உறைகிறது. அதன்மேல் அடுத்த சொட்டு. மெழுகுவத்தியின் பக்கவாட்டில் மெழுகு வழிந்து தடிக்குமே, அதுபோல் உள்ளிருந்து தடித்துத் தடித்து, ஓரிரவில் துளை அடைபட்டுவிடுகிறது. பெரும்பாலும் கால்வாயை ஒட்டிய நுனியிலோ, எல்போ எனும் முழங்கை வளைவு திரும்பும் இடத்திலோ, வாட்டமில்லாமல் தொய்ந்து நீர் தேங்கிய இடத்திலோதான் இது தொடங்கும். அடைபட்டதும் நீர் பின்வாங்கிப் பாய்லரின் அடிப்பகுதிக்குள் ஏறுகிறது. பாய்லர் அதை உணர்ந்து, ஆபத்து வராமலிருக்கத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, திரையில் ஒரு பிழைக்குறியைக் காட்டுகிறது. ஆகவே பாய்லர் நின்றது அதன் கோளாறால் அன்று, அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான். சொட்டாக விடாமல் உள்ளே ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் மொத்தமாகக் கொட்டும் சைஃபன் அமைப்பு இப்போது பல பாய்லர்களில் இருக்கிறது. அது பெரிய உதவிதான். ஆயினும் வெளிக்குழாய் சிறுத்தும் நீண்டும் இருந்தால் அதுவும் தோற்றுவிடும்.

மகள் டார்ச் விளக்கோடு பின்வாசலுக்குப் போய்க் காட்டினாள். சுவரிலிருந்து வெளிவந்த குழாய் ஏறத்தாழ நான்கு மீட்டர் பக்கவாட்டில் ஓடி, பிறகு கீழிறங்கிக் கால்வாய்க் கம்பித்தட்டின் அருகே முடிந்தது. அதன்மேல் சாம்பல்நிறப் பஞ்சுக்குழாய் ஒன்றை உறையாக மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் அதன் நீளவாக்குப் பிளவை வானத்தைப் பார்க்க வைத்து, ஒட்டாமலே விட்டிருந்தார். மழைநீர் முழுதும் அதற்குள் இறங்கி, பஞ்சே பனிக்கட்டியாகிக் கிடந்தது. கடைசி எல்போவிலிருந்து நுனிவரை ஒரு சாண் தூரத்துக்கு அந்த உறைகூட இல்லை. நுனியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பனிக்கூர் தொங்கிக்கொண்டிருந்தது. ஆலையில் யாராவது நீராவிக் குழாய்க்கு இப்படி லேகிங் எனும் உறை போட்டிருந்தால் எங்கள் இன்ஜினியர் அன்றைக்கே பிரித்துப்போட்டிருப்பார்.

கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். நல்லவேளையாகத் தடுத்தேன். விறைத்த பிளாஸ்டிக்கின்மேல் கொதிநீர் பட்டால் வெடிப்பு விழும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். உறைந்த இடத்தின்மேல் அந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டினாலும் நடக்கும், நேரம் கூடுதலாகும். அவளுக்கு நான்கு குவளை தேவைப்பட்டது. ஐந்து நிமிடங்களில் குழாய்க்குள்ளிருந்து வெள்ளரிக்காய்த் துண்டுபோல் ஒரு பனிக்கட்டி சரிந்து விழ, பின்னாலேயே தேங்கிய நீர் கொட்டியது. உள்ளே போய் பொத்தானை அழுத்தினாள், பாய்லர் எரிந்தது. மறக்காமல் வாசலில் சிந்திய நீரின்மேல் உப்பைத் தூவச் சொன்னேன். இல்லாவிட்டால் அதுவும் உறைந்து, அடுத்து வெளியே வருபவர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார். மாடி உயரத்தில் இருக்கும் குழாயை ஏணி வைத்து ஏறித் தொடக்கூடாது என்பதையும், பாய்லரின் மூடியை நாமாகத் திறக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எரிவாயு சம்பந்தப்பட்ட வேலையைச் செய்ய, 2009 முதல் அங்கே நடப்பிலிருக்கும் கேஸ் சேஃப் எனும் எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. பொத்தானை அழுத்தியும் எரியவில்லையென்றால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிராமல் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இளக்குவது ஒரு நாள் வேலை. அது மறுபடியும் வராமல் தடுப்பதுதான் இந்தக் கடிதத்தின் நோக்கம். வெளியே போகும் குழாய் வீட்டுக்குள் இருக்கும் அளவிலேயே, அதாவது 22 மில்லிமீட்டரிலேயே தொடர்ந்தால் அது குறை. சுவரைத் தாண்டும் முன்பே குறைந்தது 32 மில்லிமீட்டர் கழிவுக்குழாயாக அகல வேண்டும். வெளியில் ஓடும் நீளம் மூன்று மீட்டரைத் தாண்டக்கூடாது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வாட்டம் மீட்டருக்கு 50 மில்லிமீட்டர், அதாவது ஒரு கெஜத்துக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம், இருக்க வேண்டும்; பிடிப்புகளுக்கு நடுவே எங்கும் தொய்வு இருக்கக்கூடாது. எல்போக்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நுனியை 45 பாகை சாய்வாக வெட்டிவிட்டால் சொட்டு தொங்கி நின்று உறைவது குறையும். உறை, நீர் புகாததாகவும் வெயிலில் பொடியாகாததாகவும் இருக்க வேண்டும். பிளவைக் கீழ்ப்பக்கம் வைத்து முழுநீளமும் ஒட்டி, எல்போவையும் மூடி, நுனிவரை கொண்டுபோக வேண்டும். ஒரு சாண் விட்டால் அந்த ஒரு சாணில்தான் உறையும். என் மகளின் வீட்டில் நான் கண்ணாலேயே பார்த்தேன். குழாயை உள்ளே மாற்ற வழியே இல்லாத, குளிர் மிகுந்த இடங்களில் குழாயோடு மின்சூட்டுக் கம்பியை ஓடவிடுவதும் உண்டு.

இதையெல்லாம் வாடகைக்கு இருக்கும் மாணவன் தன் கைக்காசில் செய்ய வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கணப்பும் வெந்நீரும் தரும் அமைப்புகளைச் செப்பமாகவும் முறையாக இயங்கும் நிலையிலும் வைத்திருப்பது, 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, குறுகியகால வாடகைகளில் வீட்டு உரிமையாளரின் கடமை. நம் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. தெரிந்தாலும், “வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசினால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ” என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். தோட்டத்தில் லயத்துக் கூரை ஒழுகினாலும் துரையிடம் போய்ச் சொல்லத் தயங்கிய நம் பழைய சுபாவம் அங்கேயும் போய் உட்கார்ந்துகொண்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சண்டை போட வேண்டியதில்லை. குழாயைப் படம் பிடித்து, எத்தனை மீட்டர், எந்த இடத்தில் உறை இல்லை, முன்பு எந்தத் தேதியில் உறைந்தது என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பினாலே போதும். மகள் அப்படி எழுதினாள். மூன்று வாரம் பதில் இல்லை, இரண்டாவது முறை எழுதியபின் ஆள் வந்து குழாயைச் சமையலறைத் தொட்டியின் கழிவோடு உள்ளேயே சேர்த்துவிட்டுப் போனார். அரை நாள் வேலைதான்.

வீட்டுக்காரர் செய்யும்வரை கடுங்குளிர் இரவுகளைக் கடத்த ஒரு வழி உண்டு. அது நம்மவர்களின் சிக்கனத்துக்கு எதிரானது. எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து, படுக்கப்போகும் முன் கணப்பை அணைத்துவிட்டு மூன்று போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்கள். விடியற்காலை, ஊரே விறைத்துக் கிடக்கும் நேரத்தில், பாய்லரை மறுபடி எரியவிடுகிறார்கள். முதல் சொட்டுகள் போய்ச் சேர்வது இரவெல்லாம் குளிர்ந்த குழாய்க்குள். பூஜ்ஜியத்துக்குக் கீழே வெகுவாக இறங்கும் இரவுகளில் மட்டுமாவது கணப்பை அணைக்காமல் ஓடவிட வேண்டும். பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டையும் அந்தச் சில நாட்களுக்கு உச்சத்தில் வைக்கலாம். திரும்பி வரும் நீர் சூடாக இருந்தால் புகையிலிருந்து திரளும் நீர் குறையும். செலவு சற்றுக் கூடும், உண்மைதான். முந்தைய ஆண்டு கொடுத்த 90 பவுண்டை நினைத்து மகள் இதற்கு ஒப்புக்கொண்டாள். குளிர் தணிந்ததும் பழைய அளவுக்குத் திருப்பிவிட வேண்டும்.

இது யாரோ ஒரு வீட்டில் நடக்கும் அபூர்வம் என்று எண்ண வேண்டாம். 2010 டிசம்பரில், நடு இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவேட்டில் 1890க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் இல்லை எனும்படி குளிர் அடித்தபோது, நாடெங்கும் ஏராளமான பாய்லர்கள் ஒரே நேரத்தில் நின்றன. வெளிக்குழாயைப் பற்றிய வழிகாட்டுதல்கள் அதற்குப் பிறகுதான் இறுகின. அதற்கு முன் பொருத்திய குழாய்கள் பல அப்படியே இருக்கின்றன, மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் பழைய வீடுகளில் குறிப்பாக.

இடையில் ஒன்று. எங்கள் தாமான் குடியிருப்பில் ஏர்கோனிலிருந்து (குளிரூட்டி) வரும் குழாய்க்கு வாட்டம் பார்க்காமல் போட்டு, பாசி அடைத்து, கட்டில்மேல் தண்ணீர் சொட்டும் வீடுகள் வரிசைக்கு இரண்டு தேறும். அங்கே பனி, இங்கே பாசி. பழுதுபார்க்க வருபவர் முதலில் பெட்டியைத்தான் கழற்றுகிறார் என்பதில் இரு நாட்டுக்கும் வித்தியாசம் காணோம்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வெளிநாட்டுக் கல்வி பற்றித் தாங்கள் வெளியிடும் பக்கங்களில் விசா, கட்டணம், விடுதி ஆகியவற்றோடு இந்தக் குழாயைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி போட்டால் உதவியாக இருக்கும். பிள்ளைகளை அனுப்பிவைக்கும் முகவர்களும் புறப்பாட்டுக்கு முந்தைய விளக்கக் கூட்டங்களில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். ஏற்கெனவே பிள்ளை அங்கே இருக்கும் பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வார இறுதியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபின், சமையலறைப் பாய்லருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் குழாய் வெளியே போகிறதா, போனால் அதன் நுனி எப்படி இருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றிய பிறகு அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்கும் வகுப்புக்கும் போய்வரும் பிள்ளைகள் பின்சுவரைப் பகலில் பார்க்கச் சனி, ஞாயிறு மட்டுமே மிஞ்சும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பாய்லர்மேன்,
சுங்கை சிப்புட், பேராக்.